பதவி மாறுகிற மனிதர்களின் கதையை முழுதாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டொனால்ட் கிப்ஸ் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முக்கியமான இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள் என்று படுகிறது. துணை ஜனாதிபதி அல் கோரிடம் உள்நாட்டுக் கொள்கை ஆலோசகராக இருந்தவர், பிறகு லெவல் த்ரீ என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பல வருடம் உயர் பதவி, 2009 இல் ஒபாமா வந்ததும் எந்தப் பதவிக்கு யாரைப் போடுவது என்று பார்க்கும் வெள்ளை மாளிகை அலுவலகத்துக்குப் பொறுப்பாளர், அதே வருடமே தென்னாபிரிக்காவுக்குத் தூதுவர். இவ்வளவும் எழுதினீர்கள். அவர் ஒபாமாவின் தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர்களில் ஒருவர் என்பதை எழுதவில்லை. அவர் முன்பு இருந்த நிறுவனத்துக்கு அரசாங்க ஊக்கநிதித் திட்டத்தில் ஒப்பந்தங்கள் கிடைத்தது பற்றி 2011 இல் அங்குள்ள நிருபர்கள் கேள்வி எழுப்பியதும், அது தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் பதில் சொன்னதும் கட்டுரையில் இல்லை. நான் அவருடைய பதிலைச் சந்தேகிக்கவில்லை. கேள்வியும் பதிலும் பகிரங்கமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திருகோணமலையில் இருக்கிற ஒருவருக்கு இது ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரைப் பற்றிய பெரிய முடிவுகள் எல்லாம் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிற மேசைகளில்தான் எடுக்கப்படுகின்றன, ஐயா. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையே பாருங்கள். பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் பிடிக்கும், 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் வந்து தாக்கியதிலும் பிறகும் அழிந்தது போக இன்றைக்கு மிஞ்சியிருப்பது 99. 1987 இல் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தம் செய்தபோது கூடவே மாற்றிக்கொண்ட கடிதங்களில் இந்தத் தாங்கிகளை இரண்டு நாடும் சேர்ந்து திருத்தி நடத்தும் என்று எழுதினார்கள். 2003 இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்குக் குத்தகை. அப்புறம் 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்: 14 தாங்கி லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு, அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தின் கையில். காட்டுக்குள் கிடக்கிற தாங்கிகளைப் பார்த்தே வளர்ந்த சனத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கையெழுத்தான பிறகுதான் பத்திரிகையில் தெரிய வந்தது.

அந்த 2022 ஒப்பந்தம் கையெழுத்தானபோது டில்லியில் எங்கள் உயர்ஸ்தானிகராக இருந்தவர் மிலிந்த மொரகொட. வணிகத் துறையில் இருந்து வந்தவர், ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்தில் அமைச்சர், 2002 செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் புலிகளோடு தொடங்கிய சமாதானப் பேச்சில் அரசாங்கத் தரப்பில் இருந்தவர், பாத்ஃபைண்டர் என்ற ஆய்வு அமைப்பின் நிறுவனர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வணிகம், அரசியல், சமாதானப் பேச்சு, தூதரகம் என்று நாலு இடமும் தெரிந்த ஒருவர் எங்கள் ஊர்த் தாங்கிகளின் விடயம் முடிவாகிற நேரத்தில் டில்லியில் இருந்தார் என்றால், அதில் அவருடைய பங்கு என்ன, எவ்வளவு என்று திருகோணமலைச் சனத்துக்கு யாராவது விளக்கமாக எழுதியிருக்க வேண்டாமா? உங்கள் பத்திரிகை உட்பட ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பதவியேற்ற அன்று படம் போட்டீர்கள், வாழ்த்துப் போட்டீர்கள், அதோடு சரி.

இன்னொரு பழைய கதையும் இருக்கிறது, இளம் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1957 இல் மக்ஸ்வெல் கிளக் என்ற உடுப்புக்கடை முதலாளியை அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் இலங்கைக்குத் தூதுவராக நியமித்தார். குடியரசுக் கட்சிக்கு நிறையப் பணம் கொடுத்தவர் அவர். செனட் விசாரணையில் செனட்டர் ஃபுல்பிரைட் இலங்கைப் பிரதமரின் பெயர் என்ன என்று கேட்டார், கிளக்கால் சொல்ல முடியவில்லை. அப்போது இங்கே பண்டாரநாயக்க பிரதமர்! அப்படியிருந்தும் கிளக் வந்தார், கொஞ்சக் காலம் இருந்துவிட்டுப் போனார். ஆனால் அந்தக் கேள்வி பகிரங்கமாகக் கேட்கப்பட்டதால்தான் இன்றைக்கும் நாம் அதைப் பற்றிக் கதைக்கிறோம். 1980 இல் அமெரிக்கா கொண்டுவந்த வெளிநாட்டுச் சேவைச் சட்டப்படி, தூதுவராக முன்மொழியப்படுகிறவரும் அவருடைய குடும்பமும் அதற்கு முந்தைய 4 வருடத்தில் எந்த அரசியலுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை செனட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பணம் கொடுத்தவர்கள் தூதுவராவது அதனால் நின்றுவிடவில்லை, ஆனாலும் யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிகிறது. இங்கே உயர் பதவிகள் பற்றிய பாராளுமன்றக் குழு பெயர்களை அங்கீகரித்தது என்று ஒரு வரிச் செய்தி வரும். என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

அரசியல்வாதிக்குப் பக்கத்தில் இருந்து வேலை பழகியவர்களை நான் மட்டமாக நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவின் சார்ள்ஸ் பவல் தூதரக சேவையில் இருந்து வந்து 1983 முதல் பிரதமர் தாட்சரின் செயலாளராக இருந்தார், 1984 இல் ஹொங்கொங் பற்றி சீனாவோடு ஒப்பந்தமானபோதும் அந்தப் பதவியில்தான், பிறகு ஹொங்கொங்கில் வளர்ந்த ஜார்டின் மதிசன் நிறுவனத்துக்குப் போனார். யாரோடு எந்த நேரத்தில் எதைக் கதைக்க வேண்டும் என்ற அறிவு புத்தகத்தில் வருவதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் வரும். கம்பனிகள் விலை கொடுத்து வாங்குவதும் அதைத்தான். அதனால்தான் உயர் அதிகாரிகள் அரச சேவையை விட்டுத் தனியார் வேலைக்குப் போகும்போது 2 வருடம் வரை நிபந்தனை போடுகிற விதிகளை பிரித்தானியாவில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்திலும் எம்பிமாரின் இணைப்புச் செயலாளர்களாக அலைகிற பெடியன்கள் இருக்கிறார்கள். காணிப் பிரச்சினையா, மீன்பிடிப் பிரச்சினையா, காலையில் மூதூர், பின்னேரம் தம்பலகாமம், தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. இவர்கள் வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை எழுத வேண்டும், எழுதச் சொல்லி உங்களைப் போன்றவர்கள் தூண்ட வேண்டும். சம்பூர் சனம் 2006 இல் இடம்பெயர்ந்து எத்தனை வருடம் கழித்துத் தங்கள் காணிக்குத் திரும்பியது என்று தெரிந்த ஒருவர் டில்லியிலோ அபுதாபியிலோ தூதரகத்தில் இருந்தால் அது சம்பூருக்கு நல்லது.

அபுதாபியைச் சும்மா சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோது திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கும் அன்றைக்குத்தான் தொடக்க விழா. 500 மெகாவாட் அனல் மின் நிலையம் என்று தொடங்கி 2016 இல் கைவிட்ட அதே சம்பூர். இனி இதற்குப் பேச்சுகள் நடக்கும், ஆலோசகர்கள் வருவார்கள், நாளைக்கு அவர்களில் சிலர் தூதுவராவார்கள், சிலர் கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் போய் இருப்பார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அப்படி ஒருவரைப் பற்றி எழுதும்போது வருடத்தோடு எழுதுங்கள். எந்த வருடம் யாருக்கு ஆலோசகர், அந்த வருடம் என்ன ஒப்பந்தம் கையெழுத்தானது, பதவியை விட்டு எத்தனை மாதத்தில் எந்த நிறுவனம். அவரிடமே கேட்டு, அவர் சொல்கிற பதிலையும் போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார் என்று போடுங்கள். எரிசக்தி மைய உடன்படிக்கையில் எங்கள் தரப்பில் பேசியவர்களின் பெயர்களில் இருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை