என் எக்ஸ்ரே நலமாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவ இணைப்பில் ‘மூட்டு மாற்று அறுவையில் 95 சதவீதம் வெற்றி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். என் மகன் அதை வெட்டி எடுத்துவந்து மேசை மேல் வைத்துவிட்டான். “அப்பா, இடது காலையும் பண்ணிடலாம்” என்கிறான். வலது முழங்காலுக்குச் செய்து 11 வருடமாகிறது. அந்த வெற்றிக் கணக்கில் நானும் ஒருவன் என்பதுதான் வேடிக்கை.

எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பொருத்திய மூட்டைக் கழற்றி வேறு போடாதவரை அது வெற்றி. வலிக்கிறதா, படி இறங்க முடிகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுகூட, முழங்கால் மூட்டை முழுதாக மாற்றியதில் 100க்குச் சுமார் 82 மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன என்றது. நல்ல செய்திதான். ஆனால் தாங்குவது மூட்டு. அறுவைக்குப் பிறகும் நாள்பட்ட வலியோடு இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்வதை உங்கள் கட்டுரையாளர் எங்கே விட்டார்?

வயது என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. 70 வயதைத் தாண்டிச் செய்துகொண்டவர்களுக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு 5 சதவீதம் அளவில்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம்வரை போகிறது. இருவருக்கும் ஒரே 95தானா?

நான் நன்றி கெட்டவன் அல்ல. ராத்திரி தூங்கவிடாத வலி போயிற்று. ஆனால் மண்டியிட முடியவில்லை. தழும்புக்கு வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் மரத்தே கிடக்கிறது. அங்கே தோலுக்குப் போகும் நரம்பு அறுபடுவதால் பலருக்கும் இப்படி ஆகுமாம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தாம் வருடப் பரிசோதனையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து “பிரமாதமா இருக்கு” என்றார். கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரையை எடுக்கப் பேரனைக் கூப்பிடுகிறேன் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

உங்கள் படங்களும் அப்படித்தான். அறுவை முடிந்த ஆறாம் வாரத்தில் கையசைத்தபடி நடப்பவரே எப்போதும் வருகிறார். பதினோராம் வருடத்துக்காரர் ஒருவரும் அகப்படவில்லை போலும். போன வருடம் கண்புரை பற்றி நான் எழுதிய கடிதத்தில் குறையெல்லாம் வெட்டுப்பட்டு, பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சேறியது. சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வாசகர் கேள்வி-பதிலை நிறுத்தினீர்கள். இடப் பற்றாக்குறையாம். அந்த இடத்தில் இப்போது மூட்டுவலித் தைலத்துக்கு அரைப்பக்க விளம்பரம் வருகிறது.

அடுத்த இதழில் ‘வெற்றி என்றால் மறு அறுவை தேவைப்படவில்லை என்று பொருள்’ என ஒரு வரி போடுங்கள், போதும். அதை வெட்டி, மகன் மேசை மேல் வைத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வெற்றிகரமான நோயாளி ஒருவர்