செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விருந்தும், ஊரிலிருந்து புதிதாக வரும் போஸ்ட்டாக்குகளுக்கு (முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்ய வருபவர்களுக்கு) வீடு பார்த்துக் கொடுப்பதும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மற்றபடி இந்த வருடம் சங்கத்தின் நேரத்தையெல்லாம் தின்றது என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம்) தரும் கிராண்ட், அதாவது ஆய்வு நிதிக்கான விண்ணப்பங்கள்தான், அதிலும் மேற்கோளுக்குப் பக்கத்தில் போட வேண்டிய ஓர் எண்.

விதி புதிதல்ல. என்.ஐ.எச். பணத்தில் செய்த ஆய்வுக் கட்டுரை 2008 ஏப்ரல் 7 அன்றோ அதற்குப் பிறகோ ஒரு ஜர்னலில் ஏற்கப்பட்டிருந்தால் அது முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போயாக வேண்டும், விண்ணப்பத்தில் நம் கட்டுரையைக் காட்டும்போது அங்கே அதற்குக் கொடுக்கும் பி.எம்.சி.ஐ.டி. எண்ணும் கூடவே வர வேண்டும். 2013 ஜூலையிலிருந்து பிடியை இறுக்கிவிட்டார்கள், கட்டுரை போய்ச் சேரவில்லையென்றால் அடுத்த வருடப் பணம் நின்றுவிடும். வரிப்பணத்தில் செய்த ஆய்வை யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். பொறுப்பு கிராண்ட் வாங்கிய பேராசிரியருடையதாக இருக்க, ஓடுவது மட்டும் போஸ்ட்டாக் என்பதில்தான் இல்லை.

நம் சனிக்கிழமை வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது, பி.எம்.ஐ.டி.யை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை. அது கட்டுரைகளின் விவரப் பட்டியலான பப்மெட்டில் பதிவானதற்கான எண், முழுக் கட்டுரை கிடைக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது. இன்னொன்று, ஓப்பன் அக்சஸுக்கு (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவதற்கு) காசு கட்டியாச்சு, பதிப்பாளர் ஏற்றிவிடுவார் என்ற நம்பிக்கை. சில ஜர்னல்கள் தாங்களே ஏற்றும், சில நம் தலையில் கட்டும், கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பப்மெட் சென்ட்ரலுக்குக் கட்டுரையை அனுப்பும் என்.ஐ.எச்.எம்.எஸ். தளத்தில் நாமே ஏற்றினாலும் அதோடு முடியாது, ஏற்றிய கோப்புக்கு ஓர் ஒப்புதல், அப்புறம் அவர்கள் வலைக்கு மாற்றிய வடிவத்துக்கு இன்னொன்று, இந்த இரண்டாவது மின்னஞ்சல்தான் யாராவது ஒருவர் பெட்டியில் ஊறிக்கொண்டே கிடக்கும். அதுவரை என்.ஐ.எச்.எம்.எஸ். எண்ணை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் 2008 விதிப்படி அது கட்டுரை வெளியாகி மூன்று மாதம் வரைதான் செல்லும்.

இந்த வருடம் அந்த விதியும் மாறிவிட்டது. புதிய விதி தொடங்கும் நாள் டிசம்பர் 31 என்று அறிவித்திருந்ததை முன்னுக்கு இழுத்து ஜூலை 1 ஆக்கினார்கள். அன்றிலிருந்து ஏற்கப்படும் கட்டுரைகளுக்குப் வெளியான பிறகு 12 மாதம் வரை திறக்காமல் வைத்திருக்கலாம் என்ற பழைய அவகாசம் கிடையாது. ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்ததுமே பிரதியைச் சமர்ப்பிக்க வேண்டும், வெளியாகும் நாளிலேயே அது எல்லோருக்கும் திறந்திருக்கும். அதற்கு முன் ஏற்கப்பட்டவற்றுக்குப் பழைய விதிதான், ஆகவே விண்ணப்பத்தோடு வைக்கும் ஒரே பயோஸ்கெட்சில் (ஆய்வாளர் பற்றிய சுருக்கக் குறிப்பில்) இரண்டு கணக்கும் ஓடும், குழம்ப வேண்டாம்.

செயற்குழுவின் முடிவு இது: என்.ஐ.எச்.சின் ஆர்01 என்ற ஆய்வு நிதிக்குப் புதிதாக விண்ணப்பிக்கும் கெடுக்களான பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5 ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் முன்பே எண் சரிபார்க்கும் வகுப்பு நடக்கும். கெடுவுக்கு முந்தின ராத்திரி எனக்கு போன் செய்தால் எடுக்க மாட்டேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்