கரையும் கழிமுகமும்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, தண்ணீர் லாரி பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் சங்கக் கட்டடத்தில் இருக்கின்றன. மற்றபடி இந்த ஆண்டு நம்மை அதிகம் வேலை வாங்கியது கரைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரை ஏன் தேய்கிறது என்று இளைய உறுப்பினர்கள் பலர் கேட்டார்கள். நம் கடலில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கரை அரித்தது. அப்புறம் கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். கல் உள்ள இடத்தில் சாலை தப்பியது, அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலை வாரிக்கொண்டு போகிறது. அரிப்பு வடக்கே உள்ள அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடம் இல்லாமல் போகிறது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வரும் காலத்தில் கல்லை மட்டும் நம்பிக் குடியிருக்க முடியாது.

அதனால்தான் ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தின் உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்கள் பற்றி இந்த ஆண்டு இவ்வளவு பேசினோம். 2004 சுனாமியின்போது பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடர்ந்த தண்டும் வேரும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் வண்டல் படிகிறது, கரை மேடாகிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான். கையால் தடவி இறால் பிடிக்கும் அக்காமார்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் நட்டால் மட்டும் காடு வந்துவிடாது. ஒரு நிறுவனம் படம் எடுத்துக்கொண்டு நட்டுவிட்டுப் போன கன்றுகள், ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், எட்டாத மேட்டில் காய்ந்து நிற்கின்றன. அங்கே முன்பே சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது. பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்தது வேறு. மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தேங்கிய நீரில் உப்பு ஏறிக் கிடந்தன. அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்த பிறகே கன்று நட்டார்கள். நமக்கும் தண்ணீர் வழிதான் முதல் வேலை, கன்று இரண்டாவது. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை அள்ள வேண்டும். முகத்துவாரம் அடைபடாமல் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் வந்த எண்ணெய்க் கசிவையும் மறக்க முடியாது. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்துக்கு மூச்சு சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் வழியாகத்தான். அந்த வேரில் எண்ணெய் அப்பினால் மரம் திணறும். இதோடு வெளியிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி வேறு ஆற்றடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, மட்டியையும் இறாலையும் இல்லாமல் செய்கிறது. கழிமுகத்தைச் சுத்தப்படுத்தாமல் அலையாத்தித் திட்டம் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திறந்த கடற்கரைக்கு அலையாத்தி ஆகாது. நேரடி அலையில் கன்று நிற்காது. காட்டுப்பள்ளிப் பக்கம் மிச்சமிருக்கும் மணல்மேடுகளே அங்கே அரண். அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் வரும் மணலைப் பிடித்து மேட்டை வளர்க்கின்றன. மழைநீர் அந்த மேட்டில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு நடுவிலும் குடிக்கும் தண்ணீராக நிற்கிறது. மேட்டை மட்டமாக்கிச் சவுக்கு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அலைவிளிம்பு வரை சவுக்கு வைத்தால் பங்குனி ஆமை முட்டையிட இடம் இருக்காது. மேட்டுக்குப் பின்னால் பனை வைப்போம் என்பதே என் கருத்து.

திருவொற்றியூர்ப் பக்கம் மணலே இல்லாத இடங்களில் கொடி எங்கே படரும்? அங்கே மணலைக் கொண்டுவந்து போட்டாக வேண்டும். துறைமுகங்களிலும் முகத்துவாரத்திலும் தூர்வாரும் நல்ல மணலைப் பரிசோதித்து, அரிக்கும் கரையில் கொட்டச் சொல்லி மனு தயாரித்திருக்கிறோம்.

இந்தக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு மூன்று விஷயங்களை வைக்கிறேன். ஓதம் ஏறி இறங்குவதைப் பெரியவர்களோடு நடந்து பார்த்துக் குறிக்காத இடத்தில், யார் வந்து கேட்டாலும் கன்று நட நம் ஊர் சம்மதம் தராது. விதை முதிரும் காலத்தில் மகளிர் குழு வழியாக வெண்கண்டல் நாற்றங்கால் தொடங்குவோம். அதில் வேலை செய்பவர்களுக்குக் கூலி உண்டு. மணல் மனுவில் பக்கத்துக் குப்பங்களின் கையெழுத்தையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். மனு மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்