99 ரூபாய் நூலுக்கு 21 நாள் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி நான்கு வருடமாகக் குறித்துவைத்ததையெல்லாம் நூலாக்கி, 99 ரூபாய்க்கு நானே மின்னூலாக வெளியிட்டேன். போன மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அது பிடிஎஃப்பாக வந்து விழுந்தது. அனுப்பியவர் எதிர்வீட்டு அக்கா. “செடி வைக்கிறவங்களுக்கு உதவும்” என்று அன்பாக ஒரு வரி வேறு. எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் என் பெயரை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

உள்ளே புரட்டினால் ‘வேப்பம் பண்ணாக்கு’ என்று இருக்கிறது. அந்த எழுத்துப்பிழையை நூல் வெளியான பத்தாம் நாளே திருத்திவிட்டேன். அதுவரை விற்றது 17 பிரதிகள்தான். வாங்கியவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நகலெடுக்க விடாமல் தடுக்கும் டிஆர்எம் என்ற மின்பூட்டுப் போட்டுத்தான் வெளியிட்டேன். பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை அது என்ன செய்யும்? சரி, சட்டம் இருக்கிறதே என்று பார்த்தேன். எழுதியவுடனே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் வழக்கில் சான்றாகும். 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி, உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுபோகாவிட்டால், அவர்கள் மறுபடியும் திறந்துவிடலாம். 99 ரூபாய் நூலுக்காக யார் வக்கீல் வைத்து உத்தரவு வாங்க முடியும்? சொந்தமாக வெளியிடுபவர்களுக்கு இந்தக் கெடுவை நீட்டித்தே ஆக வேண்டும்.

இப்போதெல்லாம் என்னிடம் நேரடியாக வாங்குபவரின் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டுத்தான் தருகிறேன். தன் பெயரோடு இருப்பதை ஊருக்கெல்லாம் அனுப்பக் கொஞ்சம் தயங்குவார்கள்.

அப்புறம், புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசிக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடத்தும் புத்தகக் காட்சியில், புகார்க் கடிதம் எழுதவும் பதிவு விண்ணப்பம் நிரப்பவும் உதவுகிற ஒரு மேசை போடுங்கள். விவரம் தெரிந்த ஒரு வக்கீல் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை