லடாக் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. கொல்லையில் முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. நீ லடாக் போகிறாய் என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும். சரி, அவனிடமாவது சொன்னாயே.

கொடைக்கானல் ரூட்டில் 26 வருடம் பஸ் ஓட்டியவன் நான். மலை என்றால் பயமில்லை. ஆனால் கொடைக்கானல் 7,000 அடிதான். லடாக்கில் லே ஊரே 11,500 அடி, கர்துங் லா கணவாய் 17,500க்கும் மேல். லேயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லாவில் பாதி. வேகமாக மூச்சு இழுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். மூச்சு இழுப்பதும் தசைதானே பாப்பா. உனக்கோ தசைநோய்.

விமானத்தில் போய் லேயில் இறங்காதே. ஸ்ரீநகர், கார்கில் வழியாக ரோட்டில் போ. ஸ்ரீநகர் 5,200 அடி, கார்கில் 8,800 அடி. இரண்டிரண்டு நாள் தங்கிப் போனால் உடம்பு பழகும். லே போனதும் இரண்டு நாள் எங்கேயும் சுற்றாதே. தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறாதே, கீழே இறங்கிவிடு. மலை உயரத்துக்கென்று போடும் டயமாக்ஸ் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போடாதே, உன் நுரையீரலைப் பார்க்கும் டாக்டரிடம் கேள். அங்கே பழைய வீடுகளில் கக்கூஸ் என்றால் தரையில் ஒரு ஓட்டைதான். குந்தினால் உன்னால் எழ முடியாது. வெஸ்டர்ன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ரூம் போடு. விமானம் மட்டும் வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது மூன்று தலையணை கேட்டு வாங்கினாய். காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வெயில் என்றாய். படுத்தால் உனக்கு மூச்சு போதவில்லை என்று எனக்குத் தெரியாதா.

அருணிமா சின்ஹா செயற்கைக் காலோடு 2013-இல் எவரெஸ்ட் ஏறியதை அண்ணன் காட்டினான். அந்தப் பெண்ணுக்குப் போனது ஒரு காலோடு நின்றது. உனக்கு வருடா வருடம் தசையில் பலம் போகிறது. "அதனால்தான் இப்பவே போறேன்" என்றாயாமே. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெங்களூரில் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, சக்கர நாற்காலி ஏற வாசலில் சரிவு போடவைத்தவள் நீ. டிப்போவுக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பழனி உனக்கு நினைவிருக்கும். வின்ச்சில் போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். வேண்டுதல், படியேறித்தான் ஆக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பாதியில் நீ உட்கார்ந்துவிட்டாய். எழும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாய். கிழவி மாதிரி நடிக்காதே என்று அத்தனை பேர் முன்னால் முதுகில் அடித்தேன். நீ அழவில்லை. மீதிப் படியையும் ஏறினாய்.

நாலு வருடம் கழித்து டாக்டர் உன்னைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். அதே மாதிரி எழுந்தாய். தசைநோயை இதிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்றார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் இன்றுவரை அதைப் பேசவில்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கும் இடத்தில் எத்தனை தலையணை தருவார்கள் என்று மட்டும் கேட்டு எழுது. மூன்று இல்லையென்றால் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துக்கொண்டு ஸ்ரீநகர் வரை நானும் வருகிறேன்.

அப்பா