தோட்டத்து மணி

மாப்ளே,

அசாமில் இந்தத் திப்ருகருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ இரவு பத்தரைக்கு அடிக்கிற போனை எடுக்காததற்குத் திமிர் காரணமில்லை, எட்டரைக்கே தூங்கிவிடுகிறேன். ஆமாம், ஹாஸ்டலில் விடிய விடியச் சீட்டாடிய அதே ஆள்தான். நெட்டையிடம் சொல்லித் தொலைக்காதே.

போன வாரம் மானம் போனது. கடன் விஷயமாகப் பேச ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு ஐம்பதுக்கே போய் ஃபைலும் கையுமாக நிற்கிறேன், மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்பது ஐம்பது! நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். தோட்டங்களில் 'பாகான் டைம்' என்று தனியாக ஒன்று ஓடுகிறதாம், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, நம் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். பூமி ஒரு நாளில் 360 பாகை சுற்றுகிறது, அப்படியென்றால் ஒரு பாகைக்கு நாலு நிமிடம், நின்றபடி ஒரு டீ குடிக்கிற நேரம். (கணக்கு வாத்தியார் குளோபைச் சுற்றிக் காட்டியபோது நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உனக்கே தெரியும்.) சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.25 பாகையில் இருக்கிறது, நான் கிட்டத்தட்ட 95-இல். சூரியன் என் உச்சிக்கு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் உன் உச்சிக்கு வருகிறது, கடிகாரம் மட்டும் இரண்டு பேருக்கும், நாடு முழுக்க வைத்திருக்கிற 82.5 பாகைக் கணக்கில், ஒரே மணி காட்டுகிறது. ஜூலையில் நாலரைக்கே வெளிச்சம் கண்ணைக் குத்தி எழுப்பியது. இப்போது டிசம்பர், சாயங்காலம் நாலரைக்குள் சூரியன் போயாச்சு, ஆபீசில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள்.

உனக்கும் ஒன்பது நிமிடம் உதைக்கிறது, தெரியுமா? 1906-இல் இந்த ஒரே நேரம் வருவதற்கு முன்னால் 'மெட்ராஸ் டைம்' இருந்தது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தி; இப்போது ஐந்தரை மணி. நம்ம நுங்கம்பாக்கத்து வான் ஆய்வகத்தில் கணித்த மணியை வைத்துத்தான் ரயில்வே நாடு முழுக்க வண்டி ஓட்டியது. பெருமைப்பட்டுக்கொள்.

2018-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காரர்கள் நாட்டுக்கு இரண்டு நேரம் வைக்கலாம் என்று கணக்கோடு எழுதினார்கள். ரயில் விஷயத்தில் குழப்பம் வரும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனாலும் அதற்காக இங்கே தினமும் ஐந்து மணிக்கு லைட் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு ஒரு பதில் வேண்டாமா?

சரி, எழுத வந்ததே வேறு. அப்பா போன பிறகு விளக்கு வைக்கிற நேரம்தான் அம்மாவுக்கு ஆகவில்லை. ஆறு மணிக்குத் தவறாமல் கூப்பிடுகிறேன். "அங்கே இருட்டிடுச்சாப்பா?" என்பாள். இங்கே கும்மிருட்டாகி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். "இன்னும் இல்லம்மா" என்பேன். இருட்டில் தனியாக நடக்கிறேன் என்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா? சும்மா வந்தேன் என்றே சொல். வாசல் பல்பு எரியவில்லை என்று நினைக்கிறேன், கேட்டால் எரிகிறது என்கிறாள்.