கதவைத் தட்டின ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். என்ர மனுசனைப் போன கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட கூட்டிக்கொண்டு வந்திட்டம். நல்லா இருக்கிறார், உறைப்பாக் கறி வேணுமெண்டு கேக்கிறார், ரிமோட்டுக்குப் பிள்ளையளோட சண்டை பிடிக்கிறார், இதுக்கு மேல நான் என்ன சொல்ல. மாரி முழுக்க என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும், அதைத் திருப்பி எழுத எனக்கு இப்ப ஏலாது, எழுத வெளிக்கிட்டா கை நடுங்குது.

சாப்பாடு கொண்டு வந்து வாசல்ல வைச்சிட்டு பெல் அடிக்காமப் போன ஆக்கள், ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கின அண்ணாமார், எனக்காக ஷிஃப்ட் மாத்தித் தந்த வேலையிடத்துப் பிள்ளையள், கோயில்ல அர்ச்சனை செய்விச்ச மாமி, ராத்திரியில தண்ணி கொண்டு வந்து தந்துபோட்டு பேசாம பக்கத்தில கொஞ்சம் இருந்த அந்த நேர்ஸ், எல்லாருக்கும் நன்றி. பேர் பேரா எழுதினா ஆரையாவது விட்டிடுவன், கோவிக்காதேங்கோ, தனித்தனிய போன் எடுப்பன். உங்கட சட்டியளும் டப்பாக்களும் என்னட்டத்தான் கிடக்கு, கழுவி வைச்சிருக்கிறன், எது ஆற்றை எண்டுதான் தெரியேல்ல.

இந்த மடலை எழுத இருந்ததே வேற ஒரு விசயத்துக்காகத்தான். எங்கட வீட்டுக்கார ஐயா.

நாங்கள் கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ட்டில இருக்கிறம் எண்டு தெரியும்தானே. ஒரு சின்ன யன்னல் இருக்கு, அதுக்குள்ளால ஐயாவின்ர கார் டயரும் ஸ்னோவும்தான் தெரியும், வானம் எண்டு ஒண்டு கிடையாது. வேலை, ஆஸ்பத்திரி, பேஸ்மென்ட், இப்பிடியே ஓடிக்கொண்டிருந்தனான். எல்லாரும் "இப்ப எப்பிடி இருக்கு?" எண்டு கேப்பினம், அன்பிலதான் கேக்கிறது, ஆனா திருப்பித் திருப்பி அதையே சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு இறுகிக்கொண்டு போகும். ஐயா ஒரு நாளும் அதைக் கேக்கேல்ல. மாசி மாசக் கடைசியில ஒரு பின்னேரம் படிக்கதவைத் தட்டினார். "பிள்ளை, சந்திரன் வந்திட்டார். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒருக்கா வெளியில வாங்கோ." அவ்வளவுதான். எனக்கு உண்மையில எரிச்சல்தான் வந்தது, ஆனா வாடகைக்கு இருக்கிற வீடு, பெரிய மனுசன், மாட்டன் எண்டு சொல்லேலாமப் போனன்.

போனா, மேற்கில மெல்லிசாப் பிறை. ஊரில பாக்கிற மாதிரித் தோணியாட்டம் படுத்துக் கிடந்தது. நான் இஞ்ச வந்து இத்தினை வருசத்தில பிறை நிமிர்ந்து நிக்கிறதைத்தான் கண்டிருக்கிறன், அதுவும் ஹைவேயில போகேக்க. ஐயா சொன்னார், "ஐப்பசியில பாத்தா அப்பிடித்தான் நிக்கும், இப்ப வசந்தம் வருது, அதான் படுக்குது." பிறகு நான் தேடிப் பாத்தன், ஆள் சொன்னது சரி. பூமியின்ர நடுக்கோட்டில இருந்து வடக்க யாழ்ப்பாணம் 9 பாகையில இருக்கு, ரொறன்ரோ 43 பாகையில. வசந்தகாலப் பின்னேரங்களில சூரியனும் சந்திரனும் போற பாதை இஞ்ச மேற்கு அடிவானத்தில செங்குத்தா எழும்பி நிக்கும், அதால மறைஞ்ச சூரியன் கிட்டத்தட்டப் பிறைக்கு நேர கீழ வந்திடும், வெளிச்சம் அடிப்பக்கம் படும். ஊரில கூடின நாள் இப்பிடித்தான், இஞ்ச இந்த ஒண்டு ரெண்டு மாசம்தான். பிறைக்குள்ள மிச்ச வட்டமும் மங்கலாத் தெரிஞ்சது. பூமியில பட்ட வெயில் தெறிச்சுப் போய் அங்க விழுறதாம்.

அதுக்குப் பிறகு நெடுகத் தட்டினார். முகில் எண்டா தட்டமாட்டார், எனக்கே அண்டைக்கு என்னவோ குறைஞ்சு போயிடும். பௌர்ணமிக்கு பொழுதுபட்ட உடன தட்டினவர், அடுத்த நாள் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல பிந்தித் தட்டினார், அதுக்கடுத்த நாள் இன்னும் பிந்தி. வசந்தத்தில பௌர்ணமி கழிய சந்திரன் அப்பிடித்தான் பிந்தி எழும்புவாராம். பிறகு ஐயாவுக்கு நித்திரை முழிக்க ஏலாமப் போக, காலமை பிள்ளையள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கேக்க மேற்கில வெள்ளையாக் கிடக்கிறதைக் காட்டினார். சந்திரன் பகல்லயும் வரும் எண்டு என்ர சின்னவனுக்கு அண்டைக்குத்தான் தெரியும், எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும்.

அமாவாசை கிட்ட வந்திட்டுது, இனி தட்டமாட்டார் எண்டு நினைச்சன். தட்டினார். "சந்திரன் இல்லை, குருவி வந்திருக்கு." எங்கள் எல்லாரையும் காரில ஏத்திக்கொண்டு ரூஜ் ஆறு ஏரியில விழுற இடத்துச் சதுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். காய்ஞ்ச சம்புப் புல்லுக்கு மேல கறுப்புக் குருவியள், தோள்ல சிவப்புப் பட்டை, ஓரத்தில மஞ்சள். பங்குனி தொடங்க, குளங்களில ஐஸ் கிடக்கேக்கயே ஆண் குருவியள் தெற்கில இருந்து வந்திடும், பெட்டையள் ரெண்டு மூண்டு கிழமை பிந்தித்தான் வரும். அதுக்குள்ள ஒவ்வொண்டும் தன்ர காணிக்கு எல்லை பிடிச்சுக் கத்தும். "பாத்தியளே, வேலிச் சண்டை எங்களோட மட்டும் முடியேல்ல" எண்டார் ஐயா. புன்னாலைக்கட்டுவன் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்த மனுசன், அவருக்கு வேலிச் சண்டை தெரியும். நான் சிரிச்சன். சின்னவன் என்னைத் திரும்பிப் பாத்தான், அம்மா சிரிச்சு அவன் கனநாளாக் காணேல்ல. (இந்தக் குருவி வைகாசி ஆனியில கூடு கட்டினாப் பிறகு ஆக்களின்ர மண்டையிலயும் கொத்தும், பாத்துப் போங்கோ.)

பிறகு தவளை. சித்திரை பிறக்க முதல், மழை தூறின ஒரு சூடான இரவு. "சூடு" எண்டா இஞ்சத்தைய சூடு, எனக்குக் குளிர்தான். காட்டுக்குள்ள ஒரு குட்டை, டோர்ச் அடிக்க விடேல்ல, இருட்டுக்குள்ள காது கிழியிற சத்தம். ரெண்டு மூண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும் அந்தத் தவளை, அதுக்கு அவ்வளவு குரல். அதுக்குள்ள கொரகொர எண்டு வேற ஒரு சாதி. அதைப் பற்றி ஐயா சொன்னதை நான் முதல் நம்பேல்ல. மாரியில இலைக்குக் கீழ கிடந்து உடம்புத் தண்ணியில பாதிக்கு மேல ஐஸாப் போயிடும், நெஞ்சுத் துடிப்பு நிண்டிடும், மூச்சு இல்லை, பிறகு வெக்கை வர உருகி எழும்பிக் குட்டைக்குப் போகும். உடம்பில சீனி கூடி, செல்லுகளைப் பழுதாகாமக் காக்குதாம். நான் காருக்குள்ள இருந்து போன்ல தேடி வாசிச்சன். வாசிச்சிட்டு நல்லா அழுதன், ஏனெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐயா வெளியில நிண்டவர், கொஞ்ச நேரம் கழிச்சு வந்து கதவைத் திறந்து, "தேத்தண்ணி ஆறப்போகுது" எண்டார்.

பங்குனி உத்தரத்துக்குப் பைனாகுலர். கராஜ் சேல்ல வாங்கினதாம், ஒரு கண்ணில கீறல். அதைக் கார் கூரையில ஊண்டிவைச்சு சந்திரனையே பாத்துக்கொண்டு நில்லுங்கோ எண்டார். கனநேரம் ஒண்டுமில்லை. பிறகு ஒரு கறுப்புப் புள்ளி குறுக்கால போச்சு, பிறகு இன்னொண்டு. வடக்க போற பறவையள். சின்னக் குருவியளில கனக்க இரவிலதான் பயணம் போகும், நாங்கள் படுத்திருக்கேக்க எங்கட கூரைக்கு மேலால. லூசியானாவில ஜோர்ஜ் லோவரி எண்ட பேராசிரியர் 1940களில இப்பிடி டெலஸ்கோப்பால சந்திரனைப் பாத்துப் பறவையளை எண்ணத் தொடங்கி, 1952 இல நாடு முழுக்க ஆக்களைச் சேர்த்து எண்ணுவிச்சிருக்கிறார். ஐயாவுக்கு அவரைத் தெரியாது. தானாத்தான் கண்டுபிடிச்சாராம், மனுசி பேச பேச ட்ரைவ்வேயில நிண்டு.

இவை எல்லாம் இவரைச் சுகப்படுத்தேல்ல, அதை டாக்டர்மார் செய்தவை. நான் விழாம நிண்டது ஐயாவாலதான். ஒவ்வொரு இரவும் நாளைக்கும் ஒருத்தர் தட்டுவார் எண்டு இருந்தது, எத்தினை மணிக்கு எண்டுகூட எனக்குத் தெரிஞ்சிருந்தது.

இனி என்ர பங்குக்கு ரெண்டு. வைகாசி முடியும்வரை எங்கட வாசல் லைட் இரவில எரியாது. டவுன்டவுன் கண்ணாடிக் கட்டிடங்களில மோதி விழுற குருவியளைப் பொறுக்கிக் காப்பாத்திற ஃபிளாப் எண்ட அமைப்பு 1993 தொட்டு இஞ்ச வேலை செய்யுது, இரவு வெளிச்சம்தான் அதுகளை இழுக்குதெண்டு அவை சொல்லினம். மற்றது, ஆருக்கும் கஷ்டம் எண்டு கேள்விப்பட்டா "எப்பிடி இருக்கு" எண்டு நான் கேக்கமாட்டன், வந்து கதவைத் தட்டுவன், கோவிக்காதேங்கோ.

சித்திரா பௌர்ணமிக்கு கோயில்ல கஞ்சி குடிச்சிட்டு வாற ஆக்கள் அப்பிடியே எங்கட வீட்டுப் பக்கம் வாங்கோ, இவரும் கதிரையில வெளியில இருப்பார். பைனாகுலர் இருக்கிறவை கொண்டு வாங்கோ, தடிச்ச ஜாக்கெட்டும். ஐயாவுக்கு நேர நன்றி சொல்லிப்போடாதேங்கோ, எழும்பி உள்ளுக்குப் போயிடுவார். சீனி இல்லாத இஞ்சித் தேத்தண்ணி எண்டா வாங்குவார். காரை ரோட்டில விடாதேங்கோ, டிக்கெட் அடிப்பாங்கள், ட்ரைவ்வேயில நாலு கார் நிக்கும்.